ஏழாவது பிளாப்பிக்குச் சந்தனக் காப்பு

நான் விருப்ப ஓய்வில் வெளியே வந்த கடைசி வாரம், எங்கள் செக்‌ஷனில் வேலையை விடப் புலம்பல் அதிகமாக நடந்தது. எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் புது சிஸ்டம் ஏற்றியிருந்தார்கள். திரையின் இடது மூலையில் இருந்த பட்டன் நடுவுக்கு வந்துவிட்டது. அந்த ஒன்றுக்கே, எங்களில் இளையவளான திவ்யா சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள்.

"அக்கா, நான் ஸ்கூல் படிக்கறப்பலருந்து அந்த மூலையில இருந்த பட்டன். என்னாத்துக்கு நகர்த்தறாங்க? இவங்க வீட்டு வாசப்படிய யாராவது பெயர்த்து வேற பக்கம் வெச்சா சும்மா இருப்பாங்களா?"

"பழகிடும்" என்றேன்.

"நீங்க சொல்லிடுவீங்க. மொதமொதல்ல இந்த மாதிரி சிஸ்டம் வந்தப்ப நீங்க என்னா பண்ணீங்க?"

"பூஜை போட்டோம். அப்புறம் சந்தனத்தைக் கழுவினோம்."

நான் பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மாற்றவில்லை. நடந்தது அதுதான். அதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் சூளகிரி. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒரே விஷயம்தான் உண்டு. லேபில் பெண்களுக்குக் கடைசி மெஷினைத்தான் கொடுப்பார்கள். அது எப்போதும் ரிப்பேராகிக் கிடக்கும். அதனால் ஆண்கள் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்கள், நாங்கள் ரிப்பேர் பார்க்கக் கற்றுக்கொண்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில், ஓசூரில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். இன்டர்வியூவில் ஒரே கேள்வி கேட்டார்கள்: "மெஷின் சொல் பேச்சு கேக்கலைன்னா என்ன பண்ணுவே?"

நான் விரல் விட்டுச் சொன்னேன். "முதல்ல ஒயர் பார்ப்பேன் சார். ரெண்டாவது, திரையில என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிப்பேன். மூணாவது, கடைசியா யார் எதைத் தொட்டாங்கன்னு கேப்பேன். நாலாவது, உங்ககிட்ட சொல்வேன்."

"தப்பு. நாலாவது, காபி குடிக்கணும். அஞ்சாவதுதான் நான்."

கேட்டவர் கேசவ ராவ் சார். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவான இ.டி.பி. செக்‌ஷனின் மேனேஜர். ஆனேக்கல்காரர். தினமும் ஸ்கூட்டரில் மாநில எல்லையைத் தாண்டி வேலைக்கு வருவார். ஜூஜுவாடி செக்போஸ்ட் வரை கன்னடத்தில் யோசிப்பதாகவும், தாண்டியதும் தமிழில் யோசிப்பதாகவும் சொல்வார். கோபம் வந்தால் யோசனை மறுபடி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

அவருடைய கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "சுமதி, அதை எடு" என்றால் எல்லாம் நலம். "சுமதியவரே, அதை எடுங்க" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "மேடம், தாங்கள் அதை எடுத்துக் கொடுத்தால் உபகாரமாக இருக்கும்" என்றால் உடனே எழுந்து ஓடிவிடலாம். ஒருமுறை பிரிண்டர் ஆசாமியிடம் "ஐயா, தங்கள் பாதம் இந்த அறையில் பட்டதே பாக்கியம்" என்று சொன்னார். அந்த மனிதர் அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவர் வைத்திருந்த வேலைமுறையும் அலாதியானது. ஒரு முக்கியமான வேலையைக் கம்ப்யூட்டரில் செய்ய மூன்று பேர் வேண்டும். ஒருத்தர் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஒருத்தர் அழுத்த வேண்டும். ஒருத்தர் தாளில் டிக் போட வேண்டும். படிப்பவர் அழுத்தக்கூடாது, அழுத்துபவர் படிக்கக்கூடாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடிய பழைய சிஸ்டத்தில் இது அழகாக நடந்தது. திரை எப்போதாவது ஒரு வரி பேசும், நாங்கள் அதை மந்திரம் மாதிரி படிப்போம்.

படிப்பது ஷகிலா பானு. என்னோடு சேர்ந்த இன்னொரு டிரெய்னி. அவளுடைய அத்தா கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருந்தார். மண்டியில் ஏலம் கூவிக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் அவள் படித்தால் மெஷின் ஷாப் வரை கேட்கும். அழுத்துவது நான். டிக் போடுவது, அந்த வேலை எந்தச் செக்‌ஷனுக்கோ அங்கிருந்து வரும் ஆள்.

புது சிஸ்டம் அட்டைப் பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் பதிமூன்று பிளாப்பிகள். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது: பிளாப்பி என்பது உள்ளங்கை அளவு சதுர பிளாஸ்டிக் வில்லை. அதன் தலைமாட்டில் பளபளவென்று ஒரு தகரக் கதவு. மெஷினுக்குள் போனதும் கதவு தானாக விலகும், உள்ளே இருக்கும் வட்டத் தகடு சுழலும். கூடவே ஒரு மவுஸும் வந்தது. ஹெட் ஆபீஸ் ஆட்கள் புது சிஸ்டத்தை ஒரு மெஷினில் மட்டும் ஏற்றி எங்களுக்கு ஒத்திகை காட்டிவிட்டு, அந்த மெஷினையும் எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டார்கள்.

அந்த ஒத்திகையிலேயே எங்கள் வேலைமுறை நொண்டத் தொடங்கியது. ஏனென்றால் புது சிஸ்டம் ஓயாமல் பேசியது. எதைத் தொட்டாலும் நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டது.

"நிச்சயமாக அழிக்க வேண்டுமான்னு கேக்குது" என்று ஷகிலா கூவுவாள்.

நான் ராவ் சாரைப் பார்ப்பேன். ராவ் சார் கூரையைப் பார்ப்பார். "நிச்சயம்" என்பார். நான் அழுத்துவேன்.

"மறுபடி கேக்குது சார்."

"ஒருதரம் சொன்னது போதாதா இவருக்கு?" கம்ப்யூட்டருக்கு மரியாதை வந்துவிட்டது. நானும் ஷகிலாவும் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்துக்கொண்டோம்.

அதைவிட வேடிக்கை முனிரத்தினம் அண்ணன். அவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், ராவ் சாரிடம் கன்னடம், லாரி டிரைவர்களிடம் எல்லாமும். புது சிஸ்டம் முதலில் ஓட வேண்டியது அவருடைய ஸ்டோர்ஸ் கணக்கில்தான். மவுஸை அவர் வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனார். மேஜை முடிந்தது. நிறுத்தவில்லை. பக்கத்து மேஜையை இடது கையால் இழுத்து ஒட்டி வைத்துவிட்டு மேலே தள்ளினார்.

"அண்ணா, தூக்கி மறுபடி இந்தாண்ட வைங்க" என்றேன்.

"தூக்குனா போன தூரம் வீணாப் போவாதா பாப்பா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு அதற்கு இன்றுவரை பதில் தெரியாது.

சிரிப்புக்கு நடுவே ஒரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெட் ஆபீஸ் ஒரு முடிவு எடுத்திருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் காலையில் மெட்ராஸிலிருந்து ஜெனரல் மேனேஜர் வருவார். புது சிஸ்டத்தில் ஸ்டோர்ஸ் கணக்கு ஓடினால், ஓசூர் கம்ப்யூட்டர் வேலை ஓசூரிலேயே இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் பர்மனென்ட் ஆர்டர். ஓடாவிட்டால் வேலை முழுவதும் மெட்ராஸுக்குப் போகும். அப்போது டிரெய்னிகள் தேவையில்லை.

பர்மனென்ட் என்றால் எங்களுக்கு என்னவென்று சொல்கிறேன். டிரெய்னிக்குக் கம்பெனி பஸ் கிடையாது. தினமும் காலையில் நெடுஞ்சாலையில் நின்று, பெங்களூர் போகும் பஸ்களில் தொங்கி, தக்காளிக் கூடைகளோடு ஓசூர் வந்து சேருவோம். அதே நேரம் கம்பெனி பஸ் நீலக் கலரில், பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகும். ஷகிலா அந்த பஸ்ஸைப் பார்க்கும் பார்வையை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. "எங்க அத்தா என்னா சொல்லிக்கினு இருக்காரு தெரியுமா? கம்பெனி பஸ் வந்தா வேலைக்குப் போ, இல்லன்னா மண்டியில உக்காந்து கணக்கு எழுதுன்னு. மண்டிக்குப் போனா எனக்கு மாமரம் முளைச்சிடும் சுமதி."

ராவ் சார் திட்டம் போட்டார். பூஜைக்கு முந்தைய நாளே ஏற்றிவிடலாம் என்றார். முனிரத்தினம் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், வருஷம் ஒருதரம் வர்றது. நாளன்னிக்கு பூஜை நடக்கப் போவுது. புதுசா வந்த சாமானைப் பூஜையில வெக்காம தொடறதா? லேத்துக்கு வெச்சோம், ஃபோர்க் லிஃப்டுக்கு வெச்சோம். இதுக்கு மட்டும் என்னா கொறைச்சல்?"

ராவ் சார் யோசித்தார். அவருக்கும் உள்ளூர அதுதான் ஆசை. "சரி. பூஜையில வெப்போம். விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிப்போம். புதுசு தொடங்க நல்ல நாள், அல்லவா?"

ஆயுத பூஜை அன்று கம்பெனியைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டில் வாழைமரம். ஒவ்வொரு மெஷினுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம், மாலை. கட்டிங் ஆயில் வாசனையும் சாம்பிராணி வாசனையும் சேர்ந்து ஒரு தனி மணம் வரும். நானும் ஷகிலாவும் கேன்டீனில் பொரி, கடலை பொட்டலம் கட்டப் போய்விட்டோம். ஷகிலா கட்டும் பொட்டலம் சிந்தாது என்று கம்பெனி முழுக்கப் பெயர்.

நாங்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் அண்ணன் பதிமூன்று பிளாப்பிகளையும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல் அட்டையில் குங்குமம் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. ஆனால் வரிசை என்றால் நடுவில் இருப்பது மூலவர் அல்லவா? இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, நடுவில் ஏழாவது. அதற்கு மட்டும் நெற்றி மாதிரித் தெரிந்த தகரக் கதவின் மேல் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் ஒரு சாமந்தி இதழ். பன்னீர் வேறு தெளித்திருக்கிறார். தீபாராதனை ராவ் சாரே காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு காட்டினார்.

பூஜை முடிந்து எடுத்து வைக்கும்போது, மேலே இருந்ததைத் துணியால் துடைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். மேலே இருந்ததை மட்டும்.

விஜயதசமி காலை. கம்பெனிக்கு லீவு. ஏ.சி. அறையில் நாங்கள் நான்கு பேர். பழைய ஸ்டாக் கணக்கை முன்பே நகல் எடுத்து பீரோவில் பூட்டியிருந்தோம். ராவ் சார் ஸ்கூட்டரில் மல்லிகைப் பூவும் மைசூர்பாகும் கொண்டு வந்திருந்தார். ஷகிலா படிக்கும் இடத்தில், நான் அழுத்தும் இடத்தில், முனிரத்தினம் அண்ணன் டிக் போடும் இடத்தில். காதில் பென்சில்.

"முதல் டிஸ்க் போடச் சொல்லுது."

போட்டேன்.

"டிக் போட்டாச்சு பாப்பா."

ஒன்று உள்ளே போகும், மெஷின் முனகும், திரையில் ஒரு நீலப் பட்டை நத்தை மாதிரி நகரும், அடுத்ததைக் கேட்கும். இரண்டு, மூன்று, நான்கு என்று அண்ணன் டிக் போடும் சத்தம்கூட எங்களுக்குச் சங்கீதமாக இருந்தது. ஆறு முடிந்ததும் ராவ் சார் மைசூர்பாகு டப்பாவைத் திறந்தார்.

ஏழாவதைப் போட்டேன்.

கர்ர்ர் என்றது. நின்றது. மறுபடி கர்ர்ர்.

"படிக்க முடியலைன்னு சொல்லுது சார். மறுபடி முயற்சி செய்யவா, விட்டுடவான்னு கேக்குது."

"மறுபடி."

அழுத்தினேன். கர்ர்ர்.

"அதையேதான் சார் கேக்குது."

"மறுபடி, சுமதியவரே."

அழுத்தினேன். கர்ர்ர்.

"மறுபடி, மேடம்" என்றவர் கம்ப்யூட்டருக்கு நேராக வந்து கைகட்டி நின்றார். "யாக்கே சுவாமி? தாங்கள் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?"

விட்டுவிடவும் வழியில்லை. பாதிவரை ஏறிவிட்டதால் பழைய சிஸ்டம் போய்விட்டது. புதியது முழுசாக வரவில்லை. மெஷின் இரண்டுக்கும் நடுவே நின்றது. இன்னொரு செட் பிளாப்பி மெட்ராஸில்தான் இருக்கிறது. அது வர ஒரு நாள் ஆகும். ஜி.எம். வருவது நாளை காலை.

நான் என் வரிசைப்படி போனேன். ஒயர் சரி. திரையில் எழுதியிருந்ததை முழுசாகப் படித்தாயிற்று. கடைசியாக யார் தொட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தபோது ஷகிலா மெஷினின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள்.

"சுமதி, இங்க வா. மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கோயில் வாசனை வந்தது.

பிளாப்பியை வெளியே எடுத்துத் தகரக் கதவை விலக்கினேன். உள்ளே பழுப்புத் தகட்டில், காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி, பொன்னிறத்தில் அழகான ஒரு வளையம். பன்னீரில் கரைந்த சந்தனம் கதவு இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. மெஷின் அதைச் சுழற்றிச் சுழற்றி முழு வட்டமாகப் பூசிக்கொண்டிருந்தது.

மூன்று பேரும் டிக் போடும் இடத்தைப் பார்த்தோம். முனிரத்தினம் அண்ணன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"நடுவுல இருந்துதுன்னு கொஞ்சம் பெருசா வெச்சேன்" என்றார்.

ராவ் சார் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். மரியாதையில் அதற்கு மேல் படி இல்லை போலிருக்கிறது. மைசூர்பாகு டப்பாவை மூடினார். ஷகிலா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீலக் கலர் பஸ் ஓடி மறைவது எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடி, எதற்கென்றே தெரியாமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலை போகப்போகிற நேரத்தில் இரண்டு பேரும் ஏ.சி.யைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அடக்க அடக்க வந்தது.

"முடிஞ்சா சொல்லுங்க மேடம்" என்றார் ராவ் சார் சுவரைப் பார்த்து.

முடித்துவிட்டுச் சொன்னேன். பாலிடெக்னிக்கில் கெட்டுப்போன பிளாப்பி ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது மெல்லிய தகடுதான். தண்ணீர் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, கீறல் பட்டால்தான் போச்சு. அதை வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்து, வேறொரு காலி பிளாப்பியின் கூட்டுக்குள் போட்டால் ஒருமுறையாவது படிக்கும். எங்களுக்கு ஒருமுறை போதும்.

"எந்தத் தண்ணி?" என்றார் ராவ் சார். அவர் சுவரிலிருந்து திரும்பிவிட்டார்.

"உப்பு இல்லாதது சார். பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்."

"ஃபோர்க் லிஃப்டுக்கு வாங்கனது எங்கிட்ட இருக்குது" என்று முனிரத்தினம் அண்ணன் எழுந்தார். சாவிக் கொத்து குலுங்க ஓடினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "பாப்பா, சாமிக்கு வெச்ச சந்தனத்தைக் கழுவுனா குத்தம் இல்லையே?"

"அபிஷேகம்னு நெனைச்சுக்கங்கண்ணா" என்றாள் ஷகிலா.

அவர் முகம் தெளிந்தது. டிஸ்டில்டு வாட்டரோடு, இன்ஸ்பெக்‌ஷன் அறையில் அளவு பார்க்கும் கேஜ்களைத் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட்டையும் கொண்டு வந்தார்.

முதலில் ஏழாவதன் கூட்டையும் ஒரு காலி பிளாப்பியின் கூட்டையும் பிரிக்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலின் முனையை ஓரத்தில் நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். டக் டக்கென்று இரண்டும் பிரிந்தன. தகரக் கதவுகளை இழுத்துப் பிடிக்கும் முடி போன்ற ஸ்பிரிங்குகள் இரண்டும் துள்ளிப் பறந்து எங்கேயோ விழுந்தன. ராவ் சார் உட்பட நால்வரும் தரையில் தவழ்ந்து தேடினோம். கிடைக்கவில்லை.

"கதவு பேடா" என்றார் ராவ் சார், முழங்காலைத் தட்டிக்கொண்டு. "கதவு இல்லாமலே உள்ளே போகட்டும்."

ஏழாவதன் பழைய கூட்டுக்குள் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. "ஜாக்கெட் லைனிங் மாதிரி இருக்குடி" என்றாள் ஷகிலா. லைனிங் முழுக்கச் சந்தனம். கூட்டோடு அதைத் தூரப் போட்டோம். தகட்டின் நடுவில் ஓர் உலோக வட்டம் உண்டு. அதை மட்டும் இரண்டு விரலால் பிடித்து ஷகிலா தட்டில் இருந்த தண்ணீருக்குள் மெதுவாகச் சுழற்றினாள். தேய்க்கவில்லை. தண்ணீர் மஞ்சளானது. மாற்றினோம். மறுபடி மாற்றினோம். துடைக்க மெல்லிய துணி வேண்டும் என்றேன். ராவ் சார் தன் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியைக் கூட்டிலிருந்து எடுத்து, ஒரு கணம் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒற்றி எடுத்தோம். அதற்குள் நான் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, மெஷினுக்குள் தகட்டைப் படிக்கும் ஊசித்தலையைத் துடைத்தேன். பஞ்சும் மஞ்சளாகத்தான் வந்தது.

காயவைக்க ராவ் சார் காலண்டர் அட்டையைக் கழற்றி விசிறினார். கம்பெனியில் எல்லோரும் பயப்படும் மேனேஜர், ஒரு வட்டத் தகட்டுக்கு, கல்யாணப் பந்தியில் விசிறுவது மாதிரி விசிறிக்கொண்டு நின்றார். யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. அவரே முதலில் சிரித்தார்.

புதுக் கூட்டுக்குள் வைத்து ஓரத்தில் டேப் ஒட்டினோம். மூவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம்.

"ஏழாவது டிஸ்க் போடச் சொல்லுது." ஷகிலாவின் குரல் முதல்முறையாக அறையைத் தாண்டவில்லை.

போட்டேன். மெஷின் முனகியது. நீலப் பட்டை அசையவில்லை. முனிரத்தினம் அண்ணனின் உதடு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தது. பட்டை ஒரு மயிரிழை நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது.

"எட்டாவது டிஸ்க் போடச் சொல்லுது!" என்று ஷகிலா கூவிய கூவலுக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடி வந்தார். முனிரத்தினம் அண்ணன் ஏழுக்கு நேராக டிக் போட்ட வேகத்தில் பென்சில் முனை உடைந்தது. அவர் பூஜையில் மிச்சமிருந்த பூசணிக்காயை எடுத்துவர ஓடினார். அறைக்குள் உடைக்கக்கூடாது என்று ராவ் சார் பின்னாலேயே ஓடினார்.

மதியம் பதிமூன்றும் முடிந்தது. பீரோவில் இருந்த ஸ்டாக் கணக்கை ஏற்றினோம். பிரிண்டரும் அடித்தது.

மறுநாள் காலை ஜி.எம். வந்தார். வெள்ளைச் சட்டை, பெரிய பெட்டி. ஸ்டோர்ஸ் கணக்கு ஏற்றிய மெஷினுக்கு முன்னால் நின்று, "இ.டி.பி. ஆளுங்க தொட வேண்டாம். ஸ்டோர்ஸ்காரர் உக்காந்து ஒரு பேரிங்கை இஷ்யூ பண்ணிக் கணக்குல எழுதட்டும்" என்றார்.

முனிரத்தினம் அண்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், "நான் அழுத்தறேன் சார். ஷகிலா பாப்பா படிக்கும். சுமதி பாப்பா டிக் போடும். இங்க அப்படித்தான் மொறை" என்றார்.

ஜி.எம். புருவத்தை உயர்த்தினார். ஆனால் தடுக்கவில்லை. மவுஸ் ஊர்ந்தது. மேஜை முடிந்தது. அண்ணன் பக்கத்து மேஜைக்குக் கை நீட்டவில்லை. மவுஸைத் தூக்கினார், இந்தப் பக்கம் வைத்தார், மறுபடி தள்ளினார். நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"நிச்சயமாக இஷ்யூ செய்ய வேண்டுமான்னு கேக்குது" என்றாள் ஷகிலா.

அண்ணன் ஜி.எம்.மின் பக்கம் திரும்பி, எழுந்து நின்று, "நிச்சயம் சார்!" என்றார். பிறகு உட்கார்ந்து அழுத்தினார். பிரிண்டர் சீட்டை அடித்துத் தள்ளியது.

"பரவாயில்லையே" என்றார் ஜி.எம். உடனே அடுத்ததையும் சொன்னார்: "அந்த பிளாப்பிகளைக் கொண்டாங்க. அக்கவுன்ட்ஸ் மெஷின்லயும் என் முன்னாடி ஏத்திக் காட்டுங்க."

பெட்டி வந்தது. அவரே ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஏழாவதில் நின்றார். "இதுக்கு ஏன் கதவில்ல? ஏன் டேப் ஒட்டியிருக்கு? என்ன இது, சந்தன வாசனை?"

ராவ் சார் தொண்டையைச் செருமினார். "மகாப் பிரபு" என்று ஆரம்பித்துவிட்டார். அவரை விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று நான் முன்னால் வந்தேன். "சார், நடந்தது அஞ்சு விஷயம்" என்று வரிசையாகச் சொன்னேன். பூஜை, நடுவில் இருந்தது, கர்ர்ர், டிஸ்டில்டு வாட்டர், காலண்டர் அட்டை. எதையும் மறைக்கவில்லை. "இன்னொருதரம் படிக்குமான்னு சொல்ல முடியாது சார். ஒருதரம் படிச்சது."

ஜி.எம். அந்தக் கதவில்லாத பிளாப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மெட்ராஸ்ல எங்க ஆளுங்க இன்னொரு மெஷின்ல ஏத்த பூஜைக்கு முன்னாடியிருந்து போராடறாங்க. நாலாவதுலயே நிக்குது. அங்க சந்தனம்கூட இல்ல, ராவ்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவங்க ரெண்டு பேரும் என்னவா இருக்காங்க?"

"டிரெய்னி சார்."

"ஏன்?"

ராவ் சார் கூரையைப் பார்த்தார்.

அன்று மதியமே ஆர்டர் வந்தது. அட்மினில் யாருக்கும் புது சிஸ்டத்தில் கடிதம் அடிக்கத் தெரியாததால் டைப்ரைட்டரில் அடித்துக் கொடுத்தார்கள். ராவ் சார் என்னைக் கூப்பிட்டு, "சுமதி, இந்தா" என்று கையில் கொடுத்தார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

சாயங்காலம் நானும் ஷகிலாவும் நீலக் கலர் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் சீட்டில் உட்காரப் போனோம். "அது டூல் ரூம் மூர்த்தி சீட்டு" என்றார்கள். அடுத்தது இன்ஸ்பெக்‌ஷன்காரர் சீட்டு. அதற்கடுத்தது லீவில் போன ஒருத்தருடையது. அதிலும் உட்காரக்கூடாதாம். பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டுக்கும் வருஷக்கணக்கில் ஒரு சொந்தக்காரர் இருந்தார். நாங்கள் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பாட்டு மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஓடியது.

வயதான ஃபிட்டர் ஒருத்தர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, புதுசா? எந்த செக்‌ஷன்?"

"பர்மனென்ட் செக்‌ஷன், அண்ணா" என்றாள் ஷகிலா, மண்டிக் குரலில்.

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சூளகிரியில் பஸ் நின்றது. "யாராவது எறங்கறதா?" என்று கேட்டார்கள். இவ்வளவு நாள் காத்திருந்து ஏறிய பஸ், நான் கம்பியை விடவில்லை. ஷகிலா என்னைப் பார்த்தாள். நான் முன்னால் பார்த்துக்கொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது. கிருஷ்ணகிரி வரை போய், அவளை இறக்கிவிட்டு, ரூட் பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினேன். அதிலும் நின்றுகொண்டுதான் வந்தேன்.